பத்திரம் யார் பெயரில்?

சென்னை பாரிமுனையிலிருந்து வடக்கே நடந்தால், தெருப் பெயர்ப் பலகைகளே ஒரு வம்சாவளியைப் படித்துக் காட்டும். தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, நைனியப்ப நாயக்கன் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, காசிச் செட்டி தெரு, ராசப்ப செட்டி தெரு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி சேகரித்துக் கொடுத்தவர்கள், துபாஷிகளாக இருந்தவர்கள், கடன் கொடுத்தவர்கள், கோயில் கட்டியவர்கள் எனப் பலர் இந்தப் பலகைகளில் இருக்கிறார்கள். இவர்களுக்குத் தாயும் மனைவியும் மகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் தெரு இல்லை. பெண் பெயர் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும். தம்புச் செட்டி தெருவில் காளிகாம்பாள் இருக்கிறாள். கொத்தவால் சாவடியில் கன்னிகா பரமேஸ்வரி இருக்கிறாள்.

ஜார்ஜ் டவுன் பற்றி எழுதப்பட்டவற்றில் கம்பெனி உண்டு, துபாஷிகள் உண்டு, உயர்நீதிமன்றம் உண்டு, ஆர்மீனியர் கோயில் உண்டு. வீடுகள் குறைவு. வீடுகளைப் பற்றிப் பேசும்போதும் திண்ணையோடும் தேக்குத் தூணோடும் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த வீட்டை யார் கட்டினார்கள், யார் உள்ளே இருந்தார்கள், பத்திரம் யார் பெயரில் இருந்தது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் இதே பேட்டை வேறு விதமாகத் தெரியத் தொடங்கும். இந்தக் கட்டுரை அந்த மூன்று கேள்விகளோடு இந்தத் தெருக்களுக்குள் போகிறது.

இடித்துக் கட்டிய ஊர்

1639இல் கம்பெனி கடற்கரையில் ஒரு நிலத்துண்டைப் பெற்றது. அடுத்த ஆண்டே கோட்டை எழத் தொடங்கியது. வெள்ளையர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள். அவர்களுக்காக நெய்தவர்களும் சாயம் தோய்த்தவர்களும் விற்றவர்களும் சுமந்தவர்களும் கோட்டைக்கு வடக்கே குடியேறினார்கள். உள்ளே இருந்தது வெள்ளையர் நகரம், வெளியே இருந்தது கறுப்பர் நகரம். பெயரிலேயே நிறத்தைப் பூசிவிட்டார்கள்.

அந்தப் பழைய கறுப்பர் நகரம் இப்போது இல்லை. உயர்நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் நிலத்தில்தான் அது இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் மிச்சத்தை அவர்கள் இடித்தார்கள். எதிரி படை வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்து வரக் கூடாது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்பது காரணம். ஊரின் முதன்மைக் கோயிலும் இடிபட்டது. இன்று பூக்கடையில் இருக்கும் சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்கள் அதற்கு ஈடாகப் பின்னர் கட்டப்பட்டவை. வீடு கட்டக் கூடாத வெற்றுவெளியின் எல்லையைக் காட்ட 1773இல் 13 கல் தூண்கள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. பேருந்து பிடிக்க ஓடுபவர்கள் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை.

வீடு இழந்தவர்கள் வடக்கே தள்ளிப் போனார்கள். அங்கே ஏற்கெனவே முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் இருந்தன. அந்தப் பேட்டைகளுக்குள் சாதி ஒரு கோடு போட்டிருந்தது. வலங்கைச் சாதிகளுக்கும் இடங்கைச் சாதிகளுக்கும் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது, யார் எங்கே குடியிருப்பது என்று சண்டை மூண்டு, 1707இல் பெரிய மோதலானது. பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையருக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கையருக்கு என்று கம்பெனி பிரித்து வைத்தது. இரண்டுக்கும் நடுவே கிடந்த பள்ளத்தை 1780களில் ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் தூர்த்துச் சாலையாக்கினார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பிறகு ஊரைச் சுற்றி மதிலும் எழுந்தது. மதில் செலவுக்கு விதிக்க நினைத்த வரி வால்டாக்ஸ் சாலையின் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரை வைத்ததும் கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆனது.

சாதி மோதலின் பதிவுகளில் தலைவர்களின் பெயர்கள் இருக்கின்றன, ஆளுநரின் பெயர் இருக்கிறது. தெருவை மாற்று என்று உத்தரவு வந்தபோது அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு புதிய இடத்தில் அடுப்பு மூட்டியவர்கள் யார் என்று அந்தக் காகிதங்கள் கேட்கவில்லை. அதனால் காகிதத்தை விட்டுவிட்டு நாம் சுவரிடம் போக வேண்டியிருக்கிறது.

திண்ணையிலிருந்து கொல்லை வரை

ஜார்ஜ் டவுனின் பழைய வீட்டுக்கு முகம் குறுகல், உடல் நீளம். தெருவை ஒட்டிய அகலம் குறைவாக இருக்கும். பின்னால் அடுத்த சந்து வரைக்கும்கூட வீடு போகும். இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு பொதுச் சுவர். பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லாததால் காற்றும் வெளிச்சமும் மேலிருந்துதான் இறங்க வேண்டும். வீட்டின் நடுவே முற்றம் இருப்பதற்கு இதுதான் காரணம். முதலில் திண்ணை, பிறகு ரேழி, அதைத் தாண்டினால் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் கூடமும். அதற்குப் பின்னால் சமையலறை, கிணறு, கொல்லை, கடைசியில் பின்வாசல்.

இந்த வரிசையை ஒரு கட்டடக்கலைஞர் காற்றோட்டத்தின் வரைபடமாகப் பார்ப்பார். அதே வரிசை நடமாட்டத்தின் வரைபடமும்தான். திண்ணையில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். கணக்கு பார்த்தார்கள், பேரம் பேசினார்கள், வழிப்போக்கர் அங்கே படுத்துக்கொண்டார். வந்தவரின் சாதியைப் பொறுத்து அவர் திண்ணையோடு நிற்பாரா, ரேழி வரை வருவாரா, கூடத்தில் உட்காருவாரா என்பது முடிவானது. வீட்டுப் பெண்களின் நாள் சமையலறையில் தொடங்கிக் கிணற்றடியில் முடிந்தது. வணிகச் சாதிகளிலும் பார்ப்பனக் குடும்பங்களிலும் மானமாக நடத்தப்படும் பெண் என்றால் வாசலில் நிற்காத பெண் என்று பொருள். மாதத்தில் மூன்று நாள் அவள் இடம் இன்னும் சுருங்கிக் கொல்லைப்பக்கம் போனது. விதவையானால் அந்தச் சுருக்கம் ஆயுளுக்கும் நீடித்தது.

பின்வாசலுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. பாதாளச் சாக்கடை வருவதற்கு முந்தைய வீடுகளில் எடுப்புக் கக்கூஸ் கொல்லையில் இருந்தது. மலம் அள்ள வந்த தலித் பெண்களும் ஆண்களும் முன்வாசலைப் பார்த்ததில்லை. சந்து வழியாக வந்து சந்து வழியாகவே போனார்கள். பேட்டையின் பல சந்துகளுக்கு இப்படியொரு வேலையும் இருந்தது. ஒரே கொல்லையில் ஒருத்தி வெளியே போக முடியாமல் நின்றாள், இன்னொருத்தி உள்ளே வர முடியாமல் நின்றாள். இருவரையும் ஒரே சொல்லால், ‘பெண்கள்’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போக முடியாது என்பதை அந்த வீட்டின் தரைப்படமே சொல்லிவிடுகிறது.

தண்ணீரும் அப்படித்தான். பேட்டையின் ஏழுகிணறு என்ற பகுதிக்கு அந்தப் பெயர் வந்தது 1772இல் கம்பெனி அமைத்த கிணறுகளால். நல்ல தண்ணீர் ஊறிய இடம் அது. அங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் போனது கோட்டைக்கு. பேட்டைப் பெண்கள் தங்கள் வீட்டுக் கிணற்றிலும் பொதுக் கிணற்றிலும் இறைத்துக்கொண்டார்கள். செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது 1872இல்தான். சரியாக ஒரு நூற்றாண்டு, வெள்ளைக்காரத் துருப்புக்குக் குழாய், கறுப்பர் நகரத்துப் பெண்ணுக்குக் கயிறும் குடமும்.

அதே ஏழுகிணறில், வீராசாமிப் பிள்ளை தெருவில், ராமலிங்க அடிகள் இளமையில் வாழ்ந்த வீடு இருக்கிறது. கந்தகோட்டத்து முருகனைப் பாடிய சிறுவனைப் பற்றி அவருடைய வரலாறுகள் ஒரு செய்தி சொல்கின்றன. படிக்கப் போகாத தம்பிக்கு வீட்டில் சோறு போடக் கூடாது என்று அண்ணன் உத்தரவிட்டார். அண்ணி பாப்பாத்தியம்மாள் கணவருக்குத் தெரியாமல் கொழுந்தனாருக்குச் சோறு போட்டார். பசித்தவருக்குச் சோறிடுவதையே அறமாக்கிய ஒருவரின் கதையில் முதல் சோறு ஒரு பெண் உத்தரவை மீறிப் போட்ட சோறு. இன்று அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் அவர் அமர்ந்து வழிபட்ட அறையைத்தான் கேட்கிறார்கள். அந்த வீட்டின் அடுப்பங்கரை எங்கே இருந்தது என்று கேட்பவர்கள் இல்லை.

கூரையைத் தட்டியவர்கள்

இந்த வீடுகளின் மேல்தளத்துக்கு ஊரின் பெயரே உண்டு. கட்டடப் பாடநூல்கள் அதை மெட்ராஸ் டெரஸ் என்று அழைக்கின்றன. தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதன் மேல் உடைத்த செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டிப் பரப்புவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இரும்பும் சிமென்டும் இல்லாமல் நூறாண்டுக்கு மேல் நிற்கும் தளம் இது.

அது நிற்பதற்குக் காரணம் தட்டுதல். சுண்ணாம்புக் கலவை இறுகும் வரை, நாள்கணக்கில், அதை மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். ஓரிடத்தில் தட்டு குறைந்தால் அங்கே வெடிப்பு விழும், மழை இறங்கும். இந்த வேலையைச் செய்தவர்கள் சித்தாள்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, தாளம் தவறாமல், தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்துகொண்டே தட்டினார்கள். தாளம் தவறாமல் இருக்கப் பாடினார்கள்.

கொத்தனார் என்ற சொல்லில் தொழில் இருக்கிறது. சித்தாள் என்ற சொல்லில் சிறுமை இருக்கிறது, சின்ன ஆள். பெரிய ஆள் பெறும் கூலியில் ஒரு பகுதிதான் சின்ன ஆளுக்கு. கலவை இறுகிய நேரத்தை விரலால் தொட்டு அறிவதும், எந்த இடம் இன்னும் பதமாகவில்லை என்று சத்தத்தை வைத்துச் சொல்வதும் திறமை என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. இன்று பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறவர்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் கிடைப்பதில்லை என்று கவலைப்படுகிறார்கள். மறைந்துபோன அந்த அறிவில் பெரும்பங்கு பெண்களின் கையில் இருந்த அறிவு என்பதையும் அந்தக் கவலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு பெண் தட்டிய தளத்தை இன்னொரு பெண் பயன்படுத்தினாள். வாசலுக்கு வர முடியாத வீட்டுப் பெண்களுக்கு மொட்டை மாடி ஒன்றே வெளி. வடகம் காயப்போட, மிளகாய் உலர்த்த, தலை ஆற்ற அங்கே போனார்கள். பொதுச் சுவர் என்பதால் மாடிகள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. கைப்பிடிச் சுவருக்கு மேலே பேச்சு போனது, பண்டம் போனது, செய்தி போனது. தெருவில் ஆண்களுக்கு ஒரு ஊர் இருந்தது என்றால், அதற்கு மேலே பெண்களுக்கு ஒரு ஊர் இருந்தது. அதற்கு மட்டும் யாரும் வரைபடம் போடவில்லை.

கூடம் சொந்தமாக இருந்தவர்கள்

இனி மூன்றாவது கேள்வி. இந்த வீடுகள் யார் பெயரில் இருந்தன?

ஆங்கிலேய நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்திய இந்துச் சட்டத்தில், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு இல்லை. மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு. ஆண் வாரிசு இல்லாத விதவைக்குச் சொத்து வந்தாலும் அது ஆயுள்கால அனுபோகம்தான். விற்கவும் எழுதிவைக்கவும் அவள் கை கட்டப்பட்டிருந்தது. தெருவுக்குப் பெயர் கொடுத்த வணிகர்களின் வீடுகளில், உத்தரத்திலிருந்து அம்மிக்கல் வரை கவனித்துக் காத்த பெண்கள் பலர் சட்டத்தின் கண்ணில் அங்கே தங்கியிருந்தவர்கள், அவ்வளவுதான்.

அதே பேட்டையில், சில தெருக்கள் தள்ளி, பெண்கள் பெயரிலேயே வீடுகள் இருந்தன. அவர்கள் திருமணம் செய்துகொள்ளாத பெண்கள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவர்களும், அவர்கள் வழிவந்த இசை, நடனக் குடும்பத்துப் பெண்களும். 1855இல் தஞ்சாவூர் மன்னர் ஆண் வாரிசின்றி இறந்து அரசு கம்பெனியிடம் போனதும் அரண்மனையை நம்பியிருந்த கலைஞர்கள் பிழைப்புத் தேடிப் பிரிந்தார்கள். பலர் பணம் புழங்கிய கறுப்பர் நகரத்துக்கு வந்தார்கள். துபாஷி வம்சத்தாரும் வணிகர்களும் அவர்களை ஆதரித்தார்கள். அந்தக் குடும்பங்களில் மகள் பிறந்தால் வாரிசு பிறந்ததாகப் பொருள். சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போனது. மகள் இல்லாதவர்கள் பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். இந்தத் தத்தெடுப்பு செல்லுமா என்ற வழக்கு 1880களில் வந்தபோது பம்பாய் நீதிமன்றம் மறுத்தது. சென்னை நீதிமன்றம் வழக்கத்தை மதித்து, நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது.

வீணை தனம்மாள் 1867இல் பிறந்தார். பாட்டி தஞ்சை மரபில் வந்த நடனக் கலைஞர், தாய் பாடகி. ஜார்ஜ் டவுனில் இருந்த தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்கள் வந்தார்கள். இந்தக் காட்சியை நாம் கண்ட தரைப்படத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வணிகர் வீட்டில் ஆண்கள் அமர்ந்த கூடம், இங்கே ஒரு பெண்ணின் அரங்கம். எப்போது தொடங்குவது, என்ன வாசிப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. வந்த ஆண்கள் ஓசையின்றி அமர்ந்து கேட்டார்கள். அவருடைய மகள்களும், பேத்திகளான பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோரும் அந்தச் சங்கீதத்தில் வளர்ந்தார்கள். பதங்களும் ஜாவளிகளும் தலைமுறை தாண்டியது அங்கேதான். பின்னாளில் பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டமாக்கிய ஒரு பெரும் சேகரம், பெண்கள் ஆண்ட ஒரு வீட்டில் வாய்வழியாகக் காக்கப்பட்டது.

பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த முத்துபழனி என்ற பெண் தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ காவியத்தை, வெட்டுகள் இல்லாமல் 1910இல் பதிப்பித்தார். ஒரு பெண் காமத்தைப் பாடியது அசிங்கம் என்று சொன்ன பெரும் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கத்திடம், ஆண் கவிகள் பாடியபோது இந்தக் கூச்சம் எங்கே போனது என்று எழுத்திலேயே கேட்டார். 1911இல் போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. புத்தகம் தடை செய்யப்பட்டது. 1947இல் தடையை நீக்கியவர் சென்னை மாகாணப் பிரதமர் தங்குதூரி பிரகாசம். இன்று பிராட்வேக்குச் சூட்டப்பட்டிருப்பது அவர் பெயர். தடையை நீக்கியவருக்குப் பேட்டையின் நடுச்சாலை கிடைத்தது. தடையை எதிர்கொண்டவருக்குச் சந்துகூடக் கிடைக்கவில்லை. பிரகாசம் தகுதியற்றவர் என்று இதற்குப் பொருள் இல்லை. 1928இல் சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது இதே பகுதியில் துப்பாக்கிக்கு மார்பைக் காட்டி நின்றவர் அவர். தெருப் பலகை எந்தத் துணிச்சலை எழுதுகிறது, எதை எழுதாமல் விடுகிறது என்பதே நம் கேள்வி.

நாகரத்தினம்மாள் தன் சேமிப்பைத் திருவையாற்றில் தியாகராஜரின் சமாதியைக் கட்டச் செலவழித்தார். அதற்குக் குடமுழுக்கும் நடந்தது. அங்கே பெண்கள் பாட இடமில்லை என்றபோது பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். தன் சொத்தைத் தன் விருப்பப்படி செலவிடும் உரிமை அவருக்கு இருந்தது. அதே தெருக்களில் வாழ்ந்த குலப்பெண்களில் எத்தனை பேருக்கு அந்த உரிமை இருந்திருக்கும்?

இழப்பும் விடுதலையும்

இந்த இடத்தில் ஒரு பொறியில் நாம் விழக் கூடாது. தாசி வீட்டைப் பெண்ணுரிமையின் பொற்காலமாக வரைந்து மகிழ்வது எளிது. பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. அந்த வீடுகளில் பல, ஆண் புரவலரின் கொடையால் வந்தவை. புரவலர் கைவிட்டால் வறுமை வந்தது. பேர்பெற்ற சில கலைஞர்களுக்குப் பின்னால் பெயரில்லாத ஏராளமான பெண்கள் இருந்தார்கள். அவர்களின் கதையை மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உள்ளிருந்து எழுதினார். 1936இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ அந்த அமைப்பின் மேல் வைத்த நெருப்பு. முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் அவர் இந்த வழக்கத்தை எதிர்த்ததற்கு ஆழமான காரணங்கள் இருந்தன.

முத்துலட்சுமியின் முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தத்தை நாம் போதிய அளவு பேசுவதில்லை. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகளுக்குக் கொடுக்கப்பட்ட மானிய நிலங்களை, ஊழியத்திலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே உரிமையாக்க அது வழிசெய்தது. வழக்கத்தை ஒழிக்கும்போது பெண்ணின் கையில் நிலம் இருக்க வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. ஆனால் 1893இல் சென்னைச் சீர்திருத்தவாதிகள் ஆளுநருக்கும் வைஸ்ராய்க்கும் அனுப்பிய விண்ணப்பம் முதல் தொடர்ந்த நாட்டிய எதிர்ப்பு இயக்கத்தின் உரத்த குரல், நிலத்தையோ பிழைப்பையோ பற்றிப் பேசவில்லை. அது ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியது. கனவான்கள் அந்த வீடுகளுக்குப் போகக் கூடாது என்றது. பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடை செய்த சட்டம் 1947இல் வந்தபோது, அந்த வீடுகளின் கூடங்கள் ஏற்கெனவே வெறுமையாகியிருந்தன.

இசை வேறு கட்டடத்துக்குக் குடிபோனது. கூடத்திலிருந்து சபாவுக்கு, ஜார்ஜ் டவுனிலிருந்து தெற்கே திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும். மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. 1933இல் பாலசரஸ்வதி அங்கே ஆடினார். ஆகவே கலைஞர்கள் முற்றாக வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. மாறியது வேறொன்று. கூடத்தில் அவர்கள் வீட்டுக்காரர்கள். மேடையில் அவர்கள் அழைக்கப்பட்டவர்கள். யாரை அழைப்பது என்பதை முடிவுசெய்த குழுக்களில் வக்கீல்களும் அதிகாரிகளும் உட்கார்ந்தார்கள். காலப்போக்கில் அழைப்பும் வேறு வீட்டுப் பெண்களுக்குப் போகத் தொடங்கியது.

மறுபக்கத்தில் குலப்பெண்ணுக்குச் சொத்துரிமை மெல்ல நகர்ந்து வந்தது. விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்த சட்டம் 1937இல் வந்தது, அதுவும் ஆயுள்கால உரிமையாக. முழு உரிமை 1956இல். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு திருத்தியது 1989இல். இந்தியா முழுமைக்கும் 2005இல். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் கணக்கு புரியும். திருமணத்துக்கு வெளியே இருந்த பெண்ணிடமிருந்த வீட்டுரிமையின் வழக்கம் குலைந்த காலத்துக்கும், திருமணத்துக்கு உள்ளே இருந்த பெண்ணுக்கு வீட்டுரிமை முழுதாக வந்த காலத்துக்கும் நடுவே சில தலைமுறைகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் இந்தத் தெருக்களில் பத்திரங்கள் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் கைமாறின.

சந்தைக்குச் சொந்தக்காரி

ஒரு பெண் மட்டும் இந்தக் காலம் முழுவதும் சொத்தோடு இருந்தாள். கன்னிகா பரமேஸ்வரி. கொத்தவால் சாவடிச் சந்தை அவளுடைய தேவஸ்தானத்துக்குச் சொந்தம். தன்னை மணக்க விரும்பிய அரசனை மறுத்துத் தீயில் இறங்கிய பெண் என்று கோமுட்டிச் செட்டிமார் மரபு அவளைப் பற்றிச் சொல்கிறது. வேண்டாம் என்று சொன்ன பெண் நெருப்பில் இறங்கித் தெய்வமான பிறகுதான் அவள் பெயரில் சந்தை நிற்கிறது. அவள் சார்பில் கணக்கு பார்த்த தர்மகர்த்தாக்கள் ஆண்கள். உயிரோடு இருக்கும் பெண் வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு எது சொந்தமாகும் என்று அந்தக் கதை நம்மைக் கேட்க வைக்கிறது.

அந்தச் சந்தையை நம்பி உயிருள்ள பெண்கள் இருந்தார்கள். விடியுமுன் வந்து கூடையில் காய் எடுத்துத் தலைச்சுமையாக வடசென்னைத் தெருக்களில் விற்றவர்கள். நெரிசலைக் குறைக்க 1996இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. லாரி வைத்திருந்தவருக்கு அது தொலைவாகத் தெரியவில்லை. கூடை வைத்திருந்தவளுக்கு அது பேருந்துக் கட்டணமும் இரண்டு மணி நேரத் தூக்கமும். ஊரைத் திட்டமிடும் காகிதத்தில் கடைக்காரருக்கு எண் உண்டு, கூடைக்காரிக்கு இல்லை. முன்பு தெரு மாற்றச் சொன்ன உத்தரவுகளில் அடுப்புக்கு இடமில்லாதது போலத்தான் இதுவும்.

இன்று சவுக்கார்பேட்டையின் பழைய வீடுகள் கிடங்குகளாகவும் மொத்தக் கடைகளாகவும் மாறிவிட்டன. முற்றத்தை மூடிக் கான்கிரீட் போட்டாயிற்று. தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போய், அங்கிருந்து கடற்கரைச் சாலை ஓய்வு விடுதிகளுக்குப் போகின்றன. மிஞ்சியிருப்பதைக் காக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நாமும் நிற்க வேண்டும். நின்றுகொண்டே நம் மூன்று கேள்விகளையும் அங்கே வைக்க வேண்டும். தூணைக் காப்பவர்கள் தளத்தைத் தட்டிய பெண்ணின் கைத்தொழிலையும் ஆவணமாக்கட்டும். வீட்டின் முகப்பைப் படமெடுப்பவர்கள் பின்சந்து வழியாக வந்தவர்களின் பாதையையும் வரையட்டும். துபாஷியின் பெயரைச் சொல்லும் வழிகாட்டி, அடுத்த தெருவில் வீணை வாசித்தவரின் பெயரையும் புத்தகம் பதிப்பித்தவரின் பெயரையும் சொல்லட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லலாம். உங்கள் ஊரின் பழைய தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வீடுகள் போதும். ஒவ்வொரு வீட்டிலும் மூத்த பெண்ணிடம் போய், இந்த வீடு எப்போது யாரால் கட்டப்பட்டது, எந்த அறையில் நீங்கள் அதிக நேரம் இருந்தீர்கள், பத்திரம் யார் பெயரில் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆண்களின் பெயர்கள் வரும். இரண்டாவதற்குப் பதில் நீளமாக வரும். மூன்றாவது கேள்விக்குச் சிலர் சிரிப்பார்கள், சிலர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். அந்தச் சிரிப்பையும் தாழ்ந்த குரலையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடக்கலை வரலாற்றில் இன்னும் எழுதப்படாத அத்தியாயம் அங்கே இருக்கிறது.